கையெழுத்துக்குப் பின்: வல்லரசுகளின் ராஜதந்திரத்தில் நலனும் விழுமியமும்

நிரந்தர நண்பரும் இல்லை, நிரந்தரப் பகைவரும் இல்லை, நலன் மட்டுமே நிரந்தரம் என்ற வாசகம் தமிழில் ஏறக்குறைய பழமொழியாகவே ஆகிவிட்டது. கூட்டணி மாறும் கட்சிக்காரருக்கும் அது உதவுகிறது, வெளியுறவுச் செய்திகளை அலசும் விமர்சகருக்கும் உதவுகிறது. 1848 மார்ச் 1 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் பிரபு ஆற்றிய உரைதான் அதற்கு மூலம். அந்த உரையை முழுதாகப் படித்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அதே உரையில், தன் சொந்த நலன் சம்பந்தப்படாத விவகாரங்களில் நீதிக்கும் நியாயத்துக்கும் துணைநிற்பதே இங்கிலாந்தின் உண்மையான கொள்கை என்கிறார் பாமர்ஸ்டன். ஊர் வம்பையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அநீதி நடந்திருக்கிறது என்று கருதும் இடத்தில் இங்கிலாந்து தன் தார்மீக ஆதரவைத் தரத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். உலகம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டது.

அவருடைய நடத்தையிலும் இந்த இரண்டு பாதிகளும் அருகருகே கிடக்கின்றன. 1840-ல் அபினி வணிகத்தைத் தடுத்த சீனாவின் மீது போர்க்கப்பல்களை அனுப்பிய வெளியுறவு அமைச்சர் அவர்தான். பத்து ஆண்டுகள் கழித்து, அடிமைக் கப்பல்களைப் பிடிப்பதற்காகப் பிரேசிலின் துறைமுகங்களுக்குள்ளேயே பிரிட்டிஷ் கடற்படை நுழைந்தபோதும் அதே பதவியில் இருந்தவர் அவர்தான். 1849-ல் 50,000-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள்; 1850 செப்டம்பரில் பிரேசில் அந்த வணிகத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றிய பின், 1852-ல் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. கரீபியத் தீவுகளில் அடிமை உழைப்பை இழந்திருந்த பிரிட்டிஷ் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு இதில் ஆதாயம் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு, அது பொய்யும் அல்ல. ஆனால் ஆதாயம் இருந்தது என்பதாலேயே கடலில் விடுவிக்கப்பட்டவர்களின் விடுதலை பொய்யாகிவிடாது.

வல்லரசுகள் நலனுக்காக நடக்கின்றனவா, விழுமியத்துக்காக நடக்கின்றனவா என்று கேட்பது பழகிப்போன கேள்வி. அதில் ஒரு கோளாறு இருக்கிறது. தேசநலன் என்பது நிலத்துக்கு அடியில் கிடக்கும் கனிமம்போல, தோண்டினால் எல்லோர் கைக்கும் ஒரே பொருளாகக் கிடைப்பதாக அந்தக் கேள்வி கருதிக்கொள்கிறது. நடப்பில், ஒரு நாட்டின் நலன் எது என்பதை ஓர் அறையில் அமர்ந்திருக்கும் சிலர் முடிவுசெய்கிறார்கள். அடுத்த ஆறு மாதத்தின் எரிபொருள் விலையா, அடுத்த இருபது ஆண்டுகளின் நற்பெயரா, தலைவரின் அடுத்த தேர்தலா என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. விழுமியமும் ஒன்றே ஒன்று அல்ல. பிற நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்பது, பல காலம் ஆளப்பட்டுக் கிடந்த சிறிய நாடுகளுக்கு உயிர்நிலையான விழுமியம். மக்கள் கொன்று குவிக்கப்படும்போது உலகம் வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதும் விழுமியம்தான். இவ்விரண்டும் மோதும் இடங்களில், எந்த முடிவை எடுத்தாலும் அதற்கு ஒரு தார்மீகச் சொல் தயாராகக் கிடைத்துவிடுகிறது.

1971-ஐ எடுத்துக்கொள்ளலாம். மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம், கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) டாக்காவில் தன் சொந்தக் குடிமக்கள் மீதே தாக்குதலைத் தொடங்கியது. அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவர் ஆர்ச்சர் பிளட் நாள்தோறும் படுகொலை விவரங்களை வாஷிங்டனுக்கு அனுப்பினார், பதில் வரவில்லை. ஏப்ரல் 6 அன்று, டாக்காவில் பணிபுரிந்த அமெரிக்க அதிகாரிகள் இருபது பேர் கையெழுத்திட்டு, தங்கள் அரசின் கொள்கையையே மறுத்து ஒரு தந்தி அனுப்பினார்கள். இனப்படுகொலை என்ற சொல் அதில் இருந்தது என்பதால் அது புகழ்பெற்றது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் முடிவுப் பகுதி: இந்தப் பகுதியில் அமெரிக்காவின் உண்மையான, நீடித்த நலன்கள் எவை என்று வரையறுத்துக் கொள்கையை மாற்றியமைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். விழுமியத்துக்காக நலனைத் துறக்கும்படி அவர்கள் கேட்கவில்லை. நலன் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அது நலனே அல்ல என்பதுதான் அவர்கள் சொன்னது.

வெள்ளை மாளிகையின் கணக்கு வேறாக இருந்தது. சீனாவுடன் உறவு தொடங்குவதற்கான ரகசியத் தூது பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் வழியாக நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 27 அன்று சீனப் பிரதமர் சௌ என்லாயின் செய்தி பாகிஸ்தான் தூதர் மூலம் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சரின் கைக்கு வந்தது. மறுநாள், கிழக்குப் பாகிஸ்தான் பற்றிய கொள்கைக் குறிப்பு ஒன்றின் அடியில், இப்போது யாஹ்யாவை நெருக்க வேண்டாம் என்று அதிபர் நிக்ஸன் தன் கைப்பட எழுதினார். ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மூன்று முறை அடிக்கோடும் போட்டார். ஜூலையில் இஸ்லாமாபாத் சென்ற கிஸிஞ்சருக்கு வயிற்றுவலி என்றும், மலைவாசத்தலம் ஒன்றில் ஓய்வெடுக்கிறார் என்றும் செய்தியாளர்களுக்குச் சொல்லப்பட்டது. அவரோ ஜூலை 9 விடியலில் பாகிஸ்தான் விமானத்தில் பெய்ஜிங்குக்குப் பறந்துகொண்டிருந்தார். மாற்றுச் சட்டைகளை எடுத்துவைக்க மறந்து, உடன் வந்த அதிகாரி ஒருவரிடம் அவர் இரவல் வாங்கிய சட்டைகளில் தைவானில் தைக்கப்பட்டது என்ற முத்திரை இருந்தது. அந்தப் பேச்சுவார்த்தையின் மையச் சிக்கலே தைவான்தான்.

சீனாவுடனான உறவு பனிப்போரின் போக்கையே மாற்றியது என்பதில் ஐயமில்லை. அந்த வகையில் நிக்ஸனின் கணக்கு பலித்தது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். கிஸிஞ்சர் பெய்ஜிங்கில் இறங்கிய ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 9 அன்று, இந்தியா சோவியத் ஒன்றியத்துடன் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. டிசம்பரில் பாகிஸ்தான் இரண்டாக உடைந்தது. எந்த நாட்டைக் காப்பாற்ற மௌனம் காக்கப்பட்டதோ அந்த நாடே முழுதாக மிஞ்சவில்லை. பெய்ஜிங்குக்கு வேறு வழியே இல்லை என்ற சமாதானமும் முழுதாக நிற்காது. ருமேனியா வழியாகவும் செய்திகள் போய்வந்துகொண்டுதான் இருந்தன. இந்தியாவின் தலையீட்டிலும் இரக்கமும் ஆதாயமும் கலந்தே இருந்தன, அதை மறைப்பதற்கில்லை. டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச் சபையில் போர்நிறுத்தமும் படைவிலக்கமும் கோரும் தீர்மானத்தை 104 நாடுகள் ஆதரித்தன, 11 நாடுகள் மட்டுமே எதிர்த்தன. அந்த 104 நாடுகளும் படுகொலையை ஆதரித்தவை அல்ல. எல்லையைக் கடந்து படை நுழைவதை இன்று ஏற்றுக்கொண்டால் நாளை நம் கதி என்ன என்ற அச்சம் அவற்றில் பலவற்றுக்கு இருந்தது.

நலனுக்காக மௌனம் காப்பதெல்லாம் ஒரே தரம் என்றும் சொல்லிவிட முடியாது. 1943 ஏப்ரலில், ரஷ்யாவின் கட்டின் (Katyn) என்ற காட்டில் போலந்து அதிகாரிகளின் பிணக்குழிகளைக் கண்டதாக ஜெர்மனி அறிவித்தது. அங்கும் வேறு இடங்களிலுமாக ஏறத்தாழ 22,000 பேரைச் சோவியத் ரகசியப் போலீஸ் 1940-ல் கொன்றிருந்தது. அதை மாஸ்கோ ஒப்புக்கொள்ள 1990 வரை ஆயிற்று. ஆனால் 1943-ல் ஹிட்லரின் படைகளின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டிருந்தது சோவியத் ராணுவம்தான். லண்டன் வாய்மூடி இருந்தது. நாடுகடந்து இயங்கிய போலந்து அரசுக்கான பிரிட்டிஷ் தூதர் ஓவன் ஓமாலி, குற்றவாளி யார் என்பதைச் சான்றுகளுடன் எடுத்துவைத்து ஒரு ரகசிய அறிக்கை எழுதினார். பிணக்குழிகளின் மேல் கொலைகாரர்கள் இளம் ஊசியிலை மரங்களை நட்டு மறைத்ததுபோல, நாமும் இங்கிலாந்தின் நற்பெயரைக் கொண்டு ஒரு படுகொலையை மூடியிருக்கிறோம் என்பது அதன் சாரம். கூட்டணியை உடைக்கும்படி அவர் கோரவில்லை. வெளியே பேச முடியாததை நமக்குள்ளேயாவது மறந்துவிடக் கூடாது என்றார். சர்ச்சில் அந்த அறிக்கையை ரூஸ்வெல்ட்டுக்கும் அனுப்பிவைத்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து டாக்காவிலிருந்து அதே போன்ற எச்சரிக்கையை அனுப்பிய பிளட்டோ பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். விலை கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுப்பது ஒன்று. விலையே இல்லை என்று பாவனை செய்வது முற்றிலும் வேறு.

இனி, நலனையும் விழுமியத்தையும் வல்லரசுகள் ஒரே தாளில் எப்படி எழுதுகின்றன என்பதற்கு வருவோம். 1972 பிப்ரவரியில் நிக்ஸனின் சீனப் பயணத்தின் முடிவில் வெளியான ஷாங்காய்க் கூட்டறிக்கை இதற்குப் பாடப்புத்தகம்போல உதவும். வழக்கமான கூட்டறிக்கைகள், இல்லாத ஒற்றுமையைக் குழைவான சொற்களால் பூசி மெழுகும். அது வேண்டாம் என்றது சீனத் தரப்பு. ஆகவே அறிக்கையில் அமெரிக்கா தன் நம்பிக்கைகளைத் தனியாகச் சொன்னது: எல்லா மக்களுக்கும் தனிமனித சுதந்திரமும் சமூக முன்னேற்றமும் வேண்டும் என்றது. சீனாவும் தன் நம்பிக்கைகளைத் தனியாகச் சொன்னது: நாடுகள் சுதந்திரத்தை விரும்புகின்றன, தேசங்கள் விடுதலையை விரும்புகின்றன, மக்கள் புரட்சியை விரும்புகிறார்கள் என்றது. அதன் பிறகே இருவரும் ஒத்துப்போகும் பகுதி வந்தது. ஆசிய பசிபிக் பகுதியில் எந்த நாடும் ஆதிக்கம் செலுத்த முயலக் கூடாது என்றது அது. பெயர் சொல்லாவிட்டாலும் குறி மாஸ்கோ என்பது எல்லோருக்கும் தெரிந்தது. விழுமியங்களைத் தனித்தனிப் பத்திகளில் வைத்துவிட்டு நலனை மட்டும் சேர்ந்து எழுதும் இந்த உத்தி, பாசாங்கு மிகக் குறைந்த உத்தி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு எதிர்த்திசையில், விழுமியத்தையே பேரத்தின் நிபந்தனையாக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. படித்தவர்கள் நாட்டைவிட்டு வெளியேறினால் பெருந்தொகை கட்ட வேண்டும் என்று சோவியத் அரசு 1972-ல் விதித்தது. அது பெரும்பாலும் யூதர்களைப் பாதித்தது. அமெரிக்க செனட்டர் ஹென்றி ஜாக்ஸனும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் சார்லஸ் வானிக்கும் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள்: குடிமக்களை வெளியேற விடாத கம்யூனிச நாடுகளுக்கு வர்த்தகச் சலுகை கிடையாது. 1975 ஜனவரியில் அது சட்டமானது. மாஸ்கோ பணிந்துவிடவில்லை, வர்த்தக உடன்பாட்டையே தூக்கியெறிந்தது. 1973-ல் ஏறத்தாழ 35,000 யூதர்கள் வெளியேறியிருந்தார்கள். 1975-ல் அது 13,000 அளவுக்குச் சரிந்தது. சத்தமில்லாமல் பேசியே காரியத்தைச் சாதித்துக்கொண்டிருந்தோம், மேடை போட்டுக் கெடுத்துவிட்டீர்கள் என்றார் கிஸிஞ்சர். ஆனால் ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமும் வர்த்தகமும் மாஸ்கோவுக்குத் தேவைப்பட்ட 1979-ல் அந்த எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டியது. ஆக, யார் சொன்னது சரி என்று இந்த எண்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதிராளிக்கு அந்தத் தருணத்தில் என்ன தேவை என்பதைப் பொறுத்தே நிபந்தனையின் பலம் கூடியும் குறைந்தும் போயிற்று என்பது மட்டும் தெரிகிறது.

சீனா விஷயத்தில் அந்தப் பலம் வேகமாகக் கரைந்தது. 1989 ஜூன் 4 தியானன்மென் படுகொலைக்குப் பின் உயர்மட்டத் தொடர்புகளை நிறுத்திவைத்ததாக வாஷிங்டன் அறிவித்தது. ஆனால் ஜூலையிலேயே அதிபர் புஷ்ஷின் தூதராக பிரென்ட் ஸ்கோக்ராஃப்ட் ரகசியமாகப் பெய்ஜிங் போய்வந்தார். பாக்தாத் முதல் பெய்ஜிங் வரை கொடுங்கோலர்களைச் சீராட்டாத அமெரிக்கா வேண்டும் என்று 1992 தேர்தலில் முழங்கிய கிளின்டன், 1993 மே மாதம் சீனாவின் வர்த்தகச் சலுகையை மனித உரிமை முன்னேற்றத்துடன் இணைத்து உத்தரவிட்டார். 1994 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் வாரன் கிறிஸ்டோஃபர் பெய்ஜிங் சென்ற வேளையில் சீன அரசு எதிர்ப்பாளர்களைப் பிடித்து வைத்தது; முகத்தில் அடித்தாற்போன்ற அந்தப் பதிலுக்கு அமெரிக்காவிடம் மறுபதில் இல்லை. சீனச் சந்தையை இழக்க விரும்பாத அமெரிக்க நிறுவனங்கள் உள்ளூரிலேயே கிளின்டனை நெருக்கிக்கொண்டிருந்தன. மே 26 அன்று அந்த இணைப்பை அவரே அறுத்துவிட்டார். வணிகம் பெருகினால் சுதந்திரமும் தானாக வரும் என்ற புதிய சமாதானம் அதன் இடத்துக்கு வந்தது. அந்தச் சமாதானத்தைச் சொன்னவர்களில் எத்தனை பேர் உண்மையாகவே அதை நம்பினார்கள் என்று இன்றும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் விழுமியம் என்பது வெறும் மேல்பூச்சு என்று முடித்துவிடத் தோன்றும். ஹெல்சின்கி அவ்வளவு எளிதாக முடிக்க விடாது.

1975 ஆகஸ்ட் 1 அன்று பின்லாந்துத் தலைநகர் ஹெல்சின்கியில் 35 நாடுகள் ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் அமைந்த எல்லைகளை எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது சோவியத் ஒன்றியத்தின் நெடுநாள் விருப்பம், அது கிடைத்தது. பதிலுக்கு மேற்கு ஐரோப்பிய நாடுகள் மனித உரிமை, குடும்பங்கள் ஒன்றுசேர்தல், தகவல் பரிமாற்றம் ஆகியவை பற்றிய பிரிவுகளை விடாப்பிடியாகச் சேர்த்தன. கிஸிஞ்சருக்கு அந்தப் பிரிவுகளில் பெரிய அக்கறை இருக்கவில்லை. கிழக்கு ஐரோப்பாவை விற்றுவிட்டதாக அதிபர் ஃபோர்டை அமெரிக்காவில் பலர் திட்டினார்கள். சோவியத் தலைவர் பிரெஷ்னெவுக்கோ அது வெற்றி விழா. ஆவணம் முழுவதையும் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பிராவ்தா நாளிதழிலேயே அச்சிட்டார்கள். தங்கள் வீட்டுக்குள் தாங்களே எசமானர்கள், காகிதத்தில் இருக்கும் உரிமைப் பிரிவுகள் என்ன செய்துவிடும் என்ற தெம்பு அவர்களுக்கு.

அச்சிட்டதுதான் வினையாயிற்று. சோவியத் குடிமகன் ஒருவர் கடையில் வாங்கிய ஆளுங்கட்சி நாளிதழிலேயே, தன் அரசு கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட வாக்குறுதியைப் படிக்க முடிந்தது. 1976 மே மாதம், இயற்பியலாளர் யூரி ஓர்லோவ் தலைமையில் ஒரு டஜன் பேர் அளவில் சேர்ந்து மாஸ்கோ ஹெல்சின்கி குழுவைத் தொடங்கினார்கள். புரட்சி செய்வதாக அவர்கள் சொல்லவில்லை. அரசு தன் கையெழுத்தைக் காப்பாற்றுகிறதா என்று கண்காணிப்பதாக மட்டுமே சொன்னார்கள். யார் எந்தச் சிறையில் இருக்கிறார், யாருடைய கடிதம் தடுக்கப்பட்டது என்று தட்டச்சு செய்து, கையெழுத்திட்ட நாடுகளின் தூதரகங்களுக்கு அனுப்பினார்கள். 1977 ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் ‘சாசனம் 77’ இயக்கமும் இதே வழியைத்தான் பிடித்தது, ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கைகளைத் தன் சட்ட அரசிதழில் முந்தைய ஆண்டு வெளியிட்டிருந்த பிராக் அரசிடம், வெளியிட்டதைக் கடைப்பிடியுங்கள் என்று கேட்டது. ஓர்லோவுக்கு ஏழு ஆண்டு கடுங்காவலும் ஐந்து ஆண்டு நாட்டுக்குள்ளேயே தொலைவிடத்தில் ஒதுக்கிவைப்பும் தண்டனையாகக் கிடைத்தன. சிறையும் கைதும் குழுவைத் தேய்த்தன. 1982-ல் அது கலைந்தது. ஆனால் ஹெல்சின்கிக்குப் பிந்தைய ஒவ்வொரு தொடர்கூட்டத்திலும், மேற்கு நாடுகளின் தூதர்கள் அந்தத் தட்டச்சுத் தாள்களிலிருந்தே பெயர்களைப் படித்தார்கள். விழுமியத்தைப் பேரத்தின் உதிரிச் சரக்காகச் சேர்த்த அரசுகளே பின்னர் அதற்குப் பொறுப்பேற்க நேர்ந்தது.

இங்கேதான் இந்த விவாதத்தின் முடிச்சு இருப்பதாக நான் கருதுகிறேன். என்ன கையெழுத்தாகிறது என்பதைப் பெரும்பாலும் நலன் முடிவுசெய்கிறது. கையெழுத்தான பிறகு அந்தத் தாளை யார் எடுத்துக்கொள்வார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது நலனின் கட்டுப்பாட்டில் இல்லை.

அண்மைக் காலத்தில் தாளில் எழுதும் வழக்கமே மெலிந்துவருகிறது. 2022 மார்ச் 2 அன்று, உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்துக்கு 141 நாடுகள் ஆதரவளித்தன. இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா உட்பட 35 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. போருக்கு முன் இந்தியாவின் கச்சா எண்ணெய் இறக்குமதியில் மிகச் சிறிய பங்கே வகித்த ரஷ்யா, 2023-க்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வழங்கியது. விழுமியம் எங்கே என்று ஐரோப்பா கேட்டது. குழாய் வழி வரும் ரஷ்ய எரிவாயுவை நீங்கள் தடைசெய்யவில்லையே என்று டெல்லி திருப்பிக் கேட்டது. 2022 டிசம்பரில் ஜி7 நாடுகள் பீப்பாய்க்கு 60 டாலர் என்று விதித்த விலை உச்சவரம்பின் நோக்கமே, ரஷ்ய எண்ணெய் சந்தைக்கு வந்துகொண்டும் இருக்க வேண்டும், ரஷ்யாவின் வருமானமும் குறைய வேண்டும் என்பதுதான். அந்த எண்ணெயை யாரோ ஒருவர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. அதை வாங்கியதற்காகவே 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி விதித்தது. அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்றோ, உக்ரைன் கொண்டுவந்த தீர்மானத்தை ஐ.நா. பொதுச் சபையில் ரஷ்யாவுடன் சேர்ந்து அமெரிக்காவே எதிர்த்து வாக்களித்திருந்தது.

பாசாங்கு ஒழிந்தது, இனி எல்லோரும் வெளிப்படையாக நலனைப் பேசலாம் என்று இதை வரவேற்பவர்கள் இருக்கிறார்கள். மேற்கின் இரட்டை அளவுகோலால் சலித்துப்போனவர்களின் நிம்மதி எனக்குப் புரிகிறது. ஆனால் பாசாங்கு செய்யும் அரசைப் பிடித்து நிறுத்த அதன் சொந்தச் சொல்லே ஒரு பிடியாக இருக்கிறது. ஓர்லோவ் பிடித்தது அந்தப் பிடியைத்தான். எதையும் உறுதியளிக்காத அரசிடம் எதைக் காட்டிக் கேட்பது?

அந்தப் பிடியின் வலுவை, விமர்சகர்களைவிட அரசுகளே நன்றாக அறிந்திருக்கின்றன. மாஸ்கோ ஹெல்சின்கி குழு 1989-ல் மறுபடி உயிர்பெற்றது. 2023 ஜனவரியில், உக்ரைன் போர் ஓராண்டை எட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ரஷ்ய நீதி அமைச்சகத்தின் கோரிக்கையை ஏற்று மாஸ்கோ நகர நீதிமன்றம் அந்தக் குழுவைக் கலைக்க உத்தரவிட்டது. சொல்லப்பட்ட காரணம்: மாஸ்கோவில் பதிவான அமைப்பு, மாஸ்கோவுக்கு வெளியே நடந்த வழக்குகளைப் பார்வையிடப் போயிருக்கிறது.